முதல் வாய் ஊட்டிய கை

குட்டி அழுகையை நிறுத்தியது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை. வந்த நாளிலிருந்து அந்த நாய்க்குட்டி ஊளையிட்டு அழுது தீர்க்க, இந்த அழுகை நின்றால் போதுமென்று ஞானம் மாதாவிடம் மன்றாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நின்ற விதம் சரியில்லை. அழுத குட்டி களைத்துத் தூங்கினால் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, விக்கலாகி, ஒரு பெருமூச்சோடு அடங்கும். இது அப்படி அடங்கவில்லை. ஊளை மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே பாதியில் அறுந்தது, யாரோ அதைத் தரையிலிருந்து வாரி மார்போடு அணைத்துக்கொண்டதுபோல. பிறகு அடுக்களைப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது. "ச்சு."

பல்லி என்று நினைத்தாள். பல்லி சொன்னால் விரலை மடக்கித் தரையில் தட்டுவது அவளுடைய பழைய பழக்கம். கோயிலுக்குப் போகிறவள் சகுனம் பார்க்கக்கூடாதென்று சாமியார் எத்தனையோ முறை சொல்லியும் அது விட்டபாடில்லை. தட்டிவிட்டுப் படுத்தாள். பல்லி ஒரே ஒரு தடவை சொல்லி நிறுத்தாது என்பது தூக்கத்தின் விளிம்பில்தான் அவளுக்குத் தோன்றியது.

அது யுத்த காலம். இராயபுரத்தில் துறைமுக மதிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், பொழுது சாய்ந்ததும் குண்டுக்குப் பயந்து விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றிவிடுவார்கள். வெளிச்சம் பாயைத் தாண்டாது. மதிலுக்கு அப்பால் சரக்குத் தூக்கும் வின்ச்சு முனகும், கூட்ஸ் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டி நகரும், கரிப்புகையும் தாரும் காய்ந்த மீனும் நனைந்த கோணியும் சேர்ந்த ஒரு வாடை ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி, தலையணைவரை வந்து படுத்துக்கொள்ளும். புருஷன் இக்னேஷியஸ் அந்த வின்ச்சுகளில் ஒன்றில்தான் ராத்திரி வேலை. விடிந்துதான் வருவான். ஞானத்துக்கு வயிற்றில் ஆறு மாசம். இதற்கு முன் தரித்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்கி, தன் கையில் தவழ்ந்து, தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

துணைக்கு ஆள் இல்லாமல் இருக்கிறாளே என்றுதான் இக்னேஷியஸ் குட்டியைக் கொண்டுவந்தான். கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் தாய் நாய் வேகனுக்கு அடியில் சிக்கிச் செத்துக் கிடந்ததாம். ஈரக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து, கேப்டன் என்று பெயரும் அவனே வைத்து, அவள் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நாய்க்குட்டி வளர்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று கொண்டுவருகிறவனுக்கு எங்கே தெரியும்!

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவை எல்லோரும் பாயம்மா என்பார்கள். நாய் இருக்கிற வீட்டுக்குள் அவள் வரமாட்டாள், தொழுகைக்கு ஆகாது. ஆனால் குட்டி மேல் ஆசைக்குக் குறைவில்லை. கொல்லை மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மொத வாயி சோத்த உன் கையாலியே ஊட்டு ஞானம்மா. புள்ளைக்கு சேனை வெக்கிற மாதிரிதான் இதுவும். எந்தக் கை ஊட்டுதோ அந்தக் கைக்குத்தான் கட்டுப்படும்" என்றாள்.

ஞானமும் தலையாட்டினாள். பிறந்த பிள்ளையின் நாக்கில், தாய்ப்பாலுக்கும் முந்தி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தானே. ஆனால் கருவாட்டு ரசத்தில் சோற்றைப் பிசைந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. தட்டை அடுப்போரம் இருட்டில் அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். வாந்தியெடுத்த எரிச்சலில், யாருமில்லாத வீட்டைப் பார்த்து, "என்னால ஆவாது, யாருனா ஊட்டுங்க" என்றாள். திரும்பி வந்தபோது தட்டு துடைத்த மாதிரி இருந்தது. குட்டி தின்றிருந்தால் தட்டைச் சுற்றிப் பருக்கை இறைந்து கிடந்திருக்கும். அன்று ஒரு பருக்கைகூட இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று கழுவிக் கவிழ்த்தாள்.

அழுகை நிற்பதற்கு முன் அது பண்ணாத அட்டூழியமில்லை. மாதா படத்துக்குக் கீழே மூத்திரம் போகும். இக்னேஷியஸின் பூட்ஸ் நாக்கைத் தின்றது. ஊசிப் பல்லால் அவள் கணுக்காலைக் கீறிவைக்கும். துடைக்கக் குனிந்தால் வயிறு இடிக்கும், நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். அடியாத மாடு படியாது என்று இக்னேஷியஸ் ஒரு பிரம்பு கொண்டுவந்தான். அதையும் குட்டி கடித்துத் துப்பியது.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் சரியாயின. வீட்டுக்குள் ஈரம் பண்ணுவதை நிறுத்தியது. காலையில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகியிருக்கும், குட்டி வெளியே போய்விட்டுத் தானே வந்து தன் கோணியில் சுருண்டிருக்கும். கடிப்பதை விட்டது. "ச்சு" என்று சத்தம் வந்தால் எங்கே நின்றாலும் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். ஞானமும் அதோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு உட்கார ஒரு சாக்குப் போதாதா. ஒருநாள் காலை வேலை முடிந்து வந்த இக்னேஷியஸும் அப்படியே தரையில் பொத்தென்று குந்திவிட்டு, தூக்கம் காலை வாரிவிட்டது என்று சிரித்தான். குட்டியை ஞானம்தான் இப்படிப் பழக்கியிருக்கிறாள் என்று அவனுக்கு ஒரே பெருமை.

"இன்னாமே, குட்டிக்கு ஒசரம்கூட அளக்கிறியா? சோக்கா கீது" என்றான்.

அடுக்களை நிலைக்காலைக் காட்டினான். அவர்கள் குடிவந்தபோதே அங்கே கரிக்கோடுகள் இருந்தன. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து மங்கலாகத் தெரியும். முன்னால் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்தி அளந்திருப்பார்கள் என்று அவள் அதை அழிக்காமல் விட்டிருந்தாள். இப்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புதுக் கோடு ஒன்று இருந்தது. அதற்கு மேல், விரற்கடை தள்ளி, இன்னொன்று. தொட்டால் விரலில் ஒட்டியது. தான் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

குட்டியின் வாயில் கருப்பட்டி மணம் அடித்தது. அவர்கள் வீட்டில் கருப்பட்டி இல்லை, வாங்கி மாசக்கணக்காகிறது. வயிறோ எப்போதும் முட்டியிருந்தது. அவள் வைக்கும் சோறு எறும்புக்குப் போயிற்று. கேப்டன் என்று கூப்பிட்டால் காதுகூட ஆடாது.

இந்தக் குட்டி என்னுடையது என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்தது. ஒரு மத்தியானம், வெயில் கொல்லையை வெள்ளையாகக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மீன் குழம்பில் பிசைந்த சோற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குட்டி அருகே வந்தது. மூக்கு துடித்தது, எச்சில் கயிறு கயிறாகத் தரையில் இறங்கியது. ஆனால் வாய் வைக்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, விறகு அடுக்கியிருந்த மூலையை, நிற்கிற ஓர் ஆளின் முகத்தை அண்ணாந்து பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் மெதுவாக ஆடியது.

"ச்சு, ச்சு."

இரண்டு தடவை. குட்டி பாய்ந்து அவள் கையை நக்கித் துடைத்தது. ஞானம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்த மூலை காலியாக இருக்கும் என்று தெரியும். காலியாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மதிலருகே போய், முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பாயம்மாவைக் கேட்டாள். பாயம்மா முதலில் பேச்சை மாற்றினாள். பர்மாவிலிருந்து வந்தவர்களெல்லாம் வீடு கிடைக்காமல் கோயில் தாழ்வாரத்தில் படுத்திருக்கும் காலத்தில் இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்றிருந்தாளாம். பிறகு சொன்னாள்.

"மூணு புள்ளைங்க. ஒருநாளு அழுது நா கேட்டதில்ல. கொடுத்து வெச்ச மவராசின்னு நெனச்சிப்பேன். ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே ஓடிச்சே, அப்போ நானும் வூட்டப் பூட்டிகினு வந்து கூப்டேன். அடுக்கள வாசப்படில வரிசயா குந்திகினு இருந்தாங்கோ. புருசன், பொண்டாட்டி, புள்ளைங்கோ எல்லாம். எயிந்து வாங்கன்னேன். யாரோ எயிந்திருன்னு சொல்லட்டும்னு காத்துகினு இருக்கிறா மாதிரி என்னியே பாத்துகினு இருந்தாங்கோ."

"அப்புறம்?"

"நா ரயிலுக்குப் போய்ட்டேன். திரும்பி வந்தா வூடு காலி. எங்க போனாங்கோன்னு யாருக்கும் தெரியல."

ராத்திரி ஞானம் சாப்பிடவில்லை. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தாள். வின்ச்சு முனகிக்கொண்டிருந்தது, அதை ஓட்டுகிறவன் தன் புருஷன்தான் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு தெம்பு இருந்தது. எப்போது தூங்கினாள் என்று தெரியாது. விடிந்து கண் விழித்தபோது வாய் இனித்தது. நாக்கில், பல்லிடுக்கில், உதட்டு ஓரத்தில். கருப்பட்டி.

இனி இந்த வீட்டில் ஒரு பொழுதும் தங்கக்கூடாதென்று முடிவு செய்தாள். காலடிப்பேட்டையில் அண்ணன் இருக்கிறான். பேறுகாலம்வரை அங்கே கிடக்கலாம். இக்னேஷியஸ் தூங்கட்டும், போன பிறகு சொல்லியனுப்பிக்கொள்ளலாம். தகரப் பெட்டியில் நான்கு புடவையை மடித்து வைத்தாள். குட்டியை விட்டுப்போக மனம் வரவில்லை, அதுவும் தாயில்லாதது. கழுத்தில் கயிறு கட்டி, கொல்லை வழியாகப் போய்விடலாமென்று அடுக்களை நிலையைத் தாண்டக் கால் எடுத்தாள்.

"ச்சு."

குட்டி உட்கார்ந்தது. கயிற்றை இழுத்தாள். வரவில்லை. சனியனே வா என்று திட்டியபடி இன்னும் இழுத்தாள். அப்புறம்தான், குட்டியின் முகம் தன் முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் எப்படி வந்தது என்று யோசித்தாள்.

அவளும் உட்கார்ந்திருந்தாள்.

எப்போது உட்கார்ந்தாள் என்று நினைவில்லை. பெட்டி மடியில் இருந்தது. முதுகு நிலைக்காலில் சாய்ந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். வலி ஒன்றுமில்லை, யாரும் பிடித்து அழுத்தவுமில்லை. எழுந்திருக்கலாம் என்பது கால்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கத்தினால் உள்ளே தூங்கும் புருஷன் எழுந்து வருவான். வாயைத் திறந்தாள். அனுமதியில்லாமல் சத்தம் போடக்கூடாதென்று தொண்டைக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கொல்லையில் வெயில் மதில்மேல் ஏறி இறங்கியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. இக்னேஷியஸ் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளிச்சம் மஞ்சளாகும்வரை அவளும் குட்டியும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள்.

"ச்சு, ச்சு."

எழுந்தாள். கால் மரத்திருந்தது. நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது பார்த்தாள். உட்கார்ந்தபோது அவள் உச்சந்தலை எங்கே இருந்ததோ, மிகச் சரியாக அங்கே, ஒரு புதுக் கரிக்கோடு.

இக்னேஷியஸிடம் அழுது சொன்னாள். அவன் கேட்டான், சிரிக்கவில்லை, நல்லவன். போன இரண்டும் தங்காத பயம் இவளை இப்படிப் படுத்துகிறது என்று நினைத்தான். பிள்ளை பிறக்கட்டும், காலடிப்பேட்டையிலேயே வீடு பார்ப்போம் என்றான். அவள் ஒரே ஒரு சத்தியம் கேட்டாள்.

"சேனைய நீதான் வெக்கணும். மொதல்ல உன் கைதான் படணும். வேற யாரு கையும் அதுக்கு முந்தக்கூடாது."

அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

வலி கண்டது ஒரு விடியற்காலையில். ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று அவன் ஜட்கா வண்டி கொண்டுவந்தான். தாங்கிப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தான். அங்கே அவள் உட்கார்ந்துவிட்டாள். வலி என்று அவன் நினைத்தான். உட்கார்ந்தது வலியால் இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஜட்காவை அனுப்பிப் பக்கத்துத் தெரு மருத்துவச்சி மரியத்தைக் கூட்டிவந்தான்.

பெண் பிள்ளை. வீறிட்டு ஒரே ஒரு அழுகை அழுதது. அந்தச் சத்தத்தில் ஞானத்துக்கு எல்லாப் பயமும் ஒரு கணம் விட்டுப்போயிற்று. உயிரோடு இருக்கிறது, முழுசாக இருக்கிறது, என்னுடையது. மரியம் கொடியறுத்துக் கழுவி, துணி விரித்த முறத்தில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, வெந்நீரைக் கொட்டக் கொல்லைக்குப் போனாள். ஞானம் முறத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவை இமைத்திருப்பாள். இக்னேஷியஸ் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு உள்ளே வந்தான். சொன்ன சொல் தவறவில்லை, பாவம். விரலை நனைத்துக் குனிந்தான்.

"ஏம்பா, அதான் வெச்சிட்டியே, எத்தினி வாட்டி வெப்பே?" என்றாள் திரும்பி வந்த மரியம்.

அவன் விழித்தான். பிள்ளையின் உதடு பழுப்பாக நனைந்திருந்தது. நாக்கு நுனி அதைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்கக் கருப்பட்டி மணம். மரியம்தான் வைத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். இவன் மறந்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். அவன் விரலைக் கிட்டே கொண்டுபோனதும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுக்களைப் பக்கம். பச்சைப் பிள்ளைக்குக் கண் எங்கே தெரியும் என்று மரியம் சிரித்தாள்.

கொஞ்ச நாள் இக்னேஷியஸ் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தான். பிள்ளை மற்ற பிள்ளைகள்போல அழுதது, பால் குடித்தது, தூங்கியது. அடுக்களை மூலை வெறும் மூலையாக இருந்தது. ஒரு "ச்சு" கேட்கவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்தது, எல்லாம் மசக்கைதானோ என்று. காலடிப்பேட்டையில் வீடும் சொல்லிவைத்தாயிற்று. மாசம் பிறந்ததும் போய்விடலாம்.

அவன் மறுபடி வேலைக்குப் போன சாயங்காலம். முன்னறையில் தூளியில் பிள்ளை. அடுக்களையில் அவள், அடுப்பில் வெந்நீர். விளக்குக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினாள். வெளிச்சம் சுருங்கியது.

பிள்ளை அழுதது.

பசி அழுகை. மார்பு கனத்துப் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. ஓடினாள். அடுக்களை நிலைவரை.

"ச்சு."

முழங்கால் மடிந்தது. பக்கத்தில் குட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இப்போது அது குட்டிகூட இல்லை. பாதி வளர்ந்த நாய். ஞானம் கையை ஊன்றினாள். கை கேட்டது. கால் கேட்கவில்லை. பிள்ளை அழுதது. ஏறியது. இன்னும் ஏறியது. மாதாவே. என் பிள்ளை. என் பிள்ளையை விடு.

உச்சியில் அறுந்தது.

பிறகு தூளிக் கயிறு. கிரீச். கிரீச். நிதானமாக, பழகிய கை ஆட்டுவதுபோல. பால் சொட்டிக்கொண்டே இருந்தது. மடி நனைந்து தரை நனைந்தது. நாய் அதை நக்கவில்லை. அதற்கும் அனுமதியில்லை.

ராத்திரி முழுக்கக் கயிறு நிற்கவில்லை.

விடிந்து மதிலுக்கு அப்பாலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது. "ஞானம்மா, புள்ள சத்தமே காணோமே? கொடுத்து வெச்ச..." குரல் அதோடு நின்றது. அவசரமாகப் போகும் செருப்புச் சத்தம். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம்.

இக்னேஷியஸ் வந்தான். கரி படிந்த முகம். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, தூளியைத் தாண்டி, அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இன்னாமே, இங்க குந்திகினு கீறே?"

ஓடு என்று சொல்ல நினைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு. உதடு திறந்தது. அவன் அவளைத் தூக்க இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தான்.

"ச்சு."

அவன் முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றது. மெதுவாக, பழகியவன்போல, அவள் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்தான். அவன் தோள் அவள் தோளில் பட்டது. வேர்வையில் நனைந்து, சூடாக இருந்தது. நாயோடு சேர்ந்து மூவரும் வரிசையாக முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது, சிரிக்கத் தெரியாத வயதில்.

எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.